அறுபது சதவீதக் கல்யாணம்

எங்கள் கல்யாணத்துக்காகப் பூங்காத் துறைக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு கெட்டில் வாங்கிக் கொடுத்தார்கள். சனி அன்றைக்குத்தான் பிடித்தது.

கெட்டிலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஸ்கெல்டர்டேல் வட்டார மன்றத்தில் ஒரு விதி உண்டு. மன்றத்து ஊழியர்கள் வெளி ஒப்பந்தக்காரருக்கு என்ன கொடுத்தாலும், அவரிடமிருந்து என்ன வாங்கினாலும், அதைப் பரிசுப் பதிவேட்டில் எழுத வேண்டும். பூங்காத் துறைக்காரர்கள் நேர்மையானவர்கள், எழுதிவிட்டார்கள். கெட்டில் ஒன்று. பெறுவோர்: விளையாட்டுத் திடல் ஆய்வாளர்கள் இபட்சனும் தாக்ரேயும். காரணம்: திருமணம். யாருக்கும் யாருக்கும் என்று கேட்டிருந்த இடத்திலும் எங்கள் இருவர் பெயரையே எழுதினார்கள். அந்தப் பதிவேட்டை யாரும் படிப்பதில்லை என்றுதான் மன்றத்தில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

நான் க்ளிஃபர்ட் இபட்சன். மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. க்ளெனிஸ் தாக்ரே என் தொழில் கூட்டாளி, புருஷனை விவாகரத்து செய்தவள். மன்றத்துக்குச் சொந்தமான ஊஞ்சல், சறுக்கு மரம், ஏறி விளையாடும் கயிற்று வலை எல்லாவற்றையும் சோதிப்பது எங்கள் வேலை. பிள்ளைகளின் விரல் எங்கே மாட்டும், தலை எங்கே சிக்கும், எந்த போல்ட் துருப்பிடித்திருக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுப்போம். பள்ளிக்கூடங்களுக்கும் கடற்கரைப் பக்கத்து விடுதிகளுக்கும் இதே வேலையைச் செய்கிறோம் என்றாலும், மன்றத்து ஒப்பந்தம் போனால் வேனை விற்க வேண்டியதுதான். லாபத்தில் பாதி அவளுக்கு, பாதி எனக்கு. பத்து வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

இந்த வசந்தத்தில், மழையில் நனைந்துகொண்டு ஒரு ஊஞ்சல் சங்கிலியை இழுத்துப் பார்க்கும்போது, என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டுவிட்டேன். "சங்கிலிய விட்டுட்டுக் கேளு" என்றாள். விட்டுவிட்டுக் கேட்டேன். சரி என்றாள். அடுத்த வாரமே தன் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். கல்யாணம் செப்டம்பரில் என்று முடிவானது. எனக்கு அறுபத்திரண்டு வயது. பதிவு அலுவலகத்திலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டே வண்டி ஓட்டி வந்தேன் என்றால் நம்ப வேண்டும்.

கெட்டில் வந்த பத்தாவது நாள், மன்றத்தின் பணிநிலை நிர்ணயப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. அப்படியொரு பிரிவு இருப்பதே எனக்குத் தெரியாது. நகர மன்றக் கட்டடத்தின் மேல்மாடியில், பழைய நாய் உரிம அலுவலகம் இருந்த அறையில் இருந்தது. அதன் தலைவி திருமதி ஃபிலிப்பா டன்ஸ்டபிள் எழுந்து வந்து கை குலுக்கினார்.

"வாழ்த்துகள், மிஸ்டர் இபட்சன். உங்களுக்குக் கல்யாணம்னு கேள்விப்பட்டோம். எங்க பிரிவுக்கே ரொம்ப வருத்தம்."

"வருத்தமா? எதுக்குங்க?"

"உட்காருங்க" என்றார். துக்க வீட்டில் சொல்வது போலச் சொன்னார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். சம்பளப் பட்டியலில் இல்லாமல் வெளியிலிருந்து வேலை செய்கிறவர், நிஜமாகவே வெளியாளா, இல்லை வெளியாள் வேஷம் போட்ட ஊழியரா என்று பார்க்க ஒரு வரிச் சட்டம் இருக்கிறது. நடுவில் கம்பெனியை நிறுத்திக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்காகப் பின்னிய வலை அது. கூட்டு வியாபாரமும் அதில் விழும். எப்போது என்றால், வேலை செய்கிறவரும் அவருடைய உறவினரும் சேர்ந்து லாபத்தில் அறுபது சதவீதமோ அதற்கு மேலோ எடுக்கும்போது.

"இன்னிக்கு வரைக்கும் நீங்க ஆளுக்குப் பாதி எடுக்கற அந்நியர்கள். ரொம்ப அழகான கூட்டு வியாபாரம்" என்றார் திருமதி டன்ஸ்டபிள். "மோதிரம் போட்ட நிமிஷமே நீங்க உறவினர். ரெண்டு பேரும் சேர்ந்தா நூறு சதவீதம். நூறு அறுபதை விடப் பெருசு, பாருங்க."

"அது தெரியுதுங்க."

"அப்போ வலைக்குள்ள வந்துடறீங்க. அடுத்து, மன்றத்தோட ஊழியர் மாதிரி இருக்கீங்களான்னு நாங்க பார்க்கணும். ஊழியர் மாதிரின்னா அதுக்கு ‘உள்ளே’ன்னு பேரு. அப்படி முடிவாச்சுன்னா, வரியை ஊழியருக்குப் பிடிக்கிற மாதிரியே பிடிச்சுடுவோம்."

"அப்ப ஊழியருக்குள்ள லீவு, ஓய்வூதியமெல்லாம்?"

"அதெல்லாம் ஊழியர்களுக்குத்தான், மிஸ்டர் இபட்சன்" என்றார், குழந்தைக்குச் சொல்வது போல. "உங்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம். உள்ளேன்னு முடிவானவங்களை மன்றம் வேலைக்கே வெச்சுக்கறதில்ல. ஒப்பந்தம் ரத்தாயிடும்."

"அண்ணன் தங்கச்சியா இருந்தா?" என்றேன், ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அதுவும் உறவுதான். ஆனா சித்தப்பா பிள்ளை, அத்தை பிள்ளையெல்லாம் கணக்குல வராது." அவர் முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம். "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுவிட்ட சொந்தமா?"

"இல்லீங்க. அவ ஊர் ரோதர்ஹாம் பக்கம்."

"பாவம்" என்று எழுதிக்கொண்டார்.

பிறகு கணினியைத் திருப்பி வைத்துக் கேள்விகள் கேட்டார். எனக்கு உடம்பு சரியில்லாவிட்டால் பதிலுக்கு வேறு ஆளை அனுப்பும் உரிமை உண்டா? உண்டு, க்ளெனிஸ் போவாள் என்றேன். அவள் வேறு ஆள் இல்லை, அவளும் நானும் ஒன்றுதான் என்றார். என் வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பது யார்? க்ளெனிஸ் என்றேன். மன்றம் இல்லையா? மன்றத்துக்கு அவ்வளவு தைரியம் கிடையாது என்றேன். அடுத்து ஒரு கோப்பைத் திறந்தார். பூங்காத் துறைச் சமையலறை அலமாரியின் படம் இருந்தது. அதில் என் தேநீர்க் கோப்பை, 'க்ளிஃப்' என்று பெயர் எழுதியது.

"வெளியாளுக்கு ஏன் அலமாரியில சொந்தக் கோப்பை?"

"காகிதக் கோப்பையில டீ நல்லா இல்லீங்க."

"டீ போடற முறை வந்தா நீங்களும் எல்லாருக்கும் போடறீங்களாம். சாட்சி இருக்கு." அடுத்த படத்தை எடுத்தார். துறையின் கிறிஸ்துமஸ் சாப்பாட்டில், வான்கோழிக்கு முன்னால், தலையில் ஊதா நிறக் காகிதக் கிரீடத்துடன் நான். "இது யாரு?"

"நான்தான்."

"ஒரு சுதந்திரமான வியாபாரி இந்தக் கிரீடத்தை வெச்சுப்பாரா, மிஸ்டர் இபட்சன்?"

கடைசியில் கணினி, தீர்மானிக்க முடியவில்லை என்று சொன்னது. நான் மூச்சு விட்டேன். அவரோ, "தீர்மானிக்க முடியலேன்னா உள்ளேன்னு தீர்மானிப்போம். அதுதான் மன்றத்துக்குப் பாதுகாப்பு" என்றார். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து இதையும் சொன்னார்: "சில பேர் எங்களைக் கல்யாணத்துக்கு எதிரின்னு சொல்றாங்க. கிடையவே கிடையாது. என் பிரிவு எந்தக் கல்யாணத்தையும் நிறுத்தினதில்ல. அதுல என்ன நஷ்டம்னு எடுத்துச் சொல்றோம், அவ்வளவுதான். போன வருஷம் ஆறு ஜோடி தாங்களாவே புரிஞ்சுக்கிட்டு விலகிப் போனாங்க. ஒருத்தர்கூடப் புகார் பண்ணல."

"சரி, கல்யாணம் வேண்டாம். சும்மா சேர்ந்து இருந்தா?"

"கணவன் மனைவி மாதிரி வாழ்ந்தாலே கல்யாணக் கணக்குதான். இந்தச் சட்டத்தை எழுதினவங்க ரொம்பப் பரந்த மனசுக்காரங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "மூணாவதா ஒரு கூட்டாளியைச் சேருங்களேன். அந்நியரா இருக்கணும். நாப்பத்தியொரு சதவீதம் அவருக்குக் குடுத்தா உங்க ரெண்டு பேருக்கும் அம்பத்தொன்பதுதான். மிஸ் தாக்ரேக்குப் பழைய கணவர்னு ஒருத்தர் இருக்கார் இல்லையா? விவாகரத்து ஆனவர் உறவினர் இல்லை. சட்டப்படி அவரை விட நல்ல அந்நியர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்."

க்ளெனிஸின் பழைய புருஷன் டெஸ்மண்ட் சவர்பிக்கு நான் போன் செய்தது தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. யோசனை சொன்னது மன்றம். டெஸ்மண்ட் மறுநாள் காலையிலேயே வேன் நிற்கும் முற்றத்துக்கு வந்து நின்றான், ஆய்வாளர்கள் போடுகிற மஞ்சள் சட்டையைச் சொந்தக் காசில் வாங்கிப் போட்டுக்கொண்டு. க்ளெனிஸ் அவனைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இவன் இங்க என்ன பண்றான்?"

"கூட்டாளி, க்ளெனிஸ். பேருக்குத்தான். நாப்பத்தியொரு சதவீதம்."

"பதினாறு வருஷம் இவன்கூட இருந்தேன். நாலு சதவீதம்கூடத் தேறல" என்றாள். டெஸ்மண்ட் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "சட்டையக் கழட்டிட்டுக் கிளம்பு, டெஸ். க்ளிஃப், நீ இப்படி வா."

வேனுக்குள் உட்கார வைத்து என்னைக் கேட்டாள், அவனிடம் போவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா என்று. ஒப்பந்தத்தைக் காப்பாற்றத்தானே செய்தேன் என்றேன். "ஒப்பந்தத்த" என்று மட்டும் சொன்னாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மிச்சமிருந்தது ஒரே வழி. ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வருடம். அதுவரை கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, கணவன் மனைவி மாதிரி வாழவில்லை என்று நிரூபிக்க வேண்டும். பதிவு அலுவலகத்துக்குப் போன் செய்து செப்டம்பர் தேதியை விட்டுக்கொடுத்தேன். வீட்டு வாசலில் நின்றிருந்த என் பழைய கேரவனுக்குத் துணிமணிகளை மாற்றினேன். க்ளெனிஸ் சமையலறைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டு வருஷமா?" என்றாள்.

"கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும்."

"உனக்குப் போயிடும்" என்று சொல்லிச் சன்னலைச் சாத்தினாள்.

மாதம் ஒரு முறை திருமதி டன்ஸ்டபிள் நேரிலேயே ஆய்வுக்கு வந்தார். எங்கள் அறிக்கைகளில் நாங்கள் எழுதுவதைப் போலவே அவரும் அளந்தார், படம் எடுத்தார், குனிந்து பார்த்தார். முதல் முறை, வீட்டிலிருந்து கேரவனுக்குப் போன மின்சார வயரில் கண் வைத்தார். "இது என்ன?" விளக்குக்கும் ஹீட்டருக்கும் என்றேன். "ஒரே மீட்டர். குடும்ப இணைப்பு" என்று எழுதினார். அன்றே வயரைப் பிடுங்கினேன். நவம்பரில் கேரவன் ஐஸ் பெட்டியாகிவிட்டது. இரண்டாம் முறை, என் சட்டைகள் க்ளெனிஸின் கொடியில் காய்வதைப் பிடித்தார். மூன்றாம் முறை, பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் கத்திகளை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று நாங்கள் இருவரும் அவர் முன்னாலேயே சண்டை போட்டுக்கொண்டோம். திருமதி டன்ஸ்டபிள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இது ரொம்ப மோசமான சாட்சி. இப்படி அந்நியர்கள் பேசிக்க மாட்டாங்க" என்றார்.

அதற்குப் பிறகு சண்டை போடுவதையும் நிறுத்தினோம். வேலைக்குப் போகும்போது வேனில் போல்ட் அளவு, சங்கிலித் தேய்மானம், வானிலை என்று மட்டும் பேசினோம். நான் பெருமைப்பட்டேன். க்ளெனிஸ் எவ்வளவு கவனமாக இருக்கிறாள் என்று.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடுதான் கடைசித் தடையாக நின்றது. அவள் வறுத்த மாட்டிறைச்சியும் யார்க்‌ஷைர் புட்டிங் என்கிற மொறுமொறு மாவுப் பண்டமும் செய்து கேரவன் சன்னல் வழியாக நீட்டுவாள். அதைத் திருமதி டன்ஸ்டபிளிடம் நானாகவே சொல்லிவிட்டேன், மறைத்தால் பின்னால் வம்பு என்று. இலவசமாகக் கொடுத்தால் குடும்பம், காசுக்குக் கொடுத்தால் வியாபாரம் என்றார் அவர். அந்த வாரம் க்ளெனிஸ் தட்டை நீட்டும்போது, "இதுக்கு ஒரு ரசீது மட்டும் குடுத்துடேன்" என்றேன்.

தட்டு சன்னலுக்கும் எனக்கும் நடுவில் அப்படியே நின்றது.

"என்ன சொன்ன?"

"ரசீது. சும்மா ஒரு துண்டுக் காகிதம் போதும். தொகை எவ்வளவுன்னாலும் பரவாயில்ல."

உள்ளே போனாள். திரும்பி வந்து தட்டை வைத்துவிட்டுப் போனாள். புட்டிங்குக்கு அடியில் ரசீது இருந்தது, குழம்பில் ஊறி. இறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விலை போட்டிருந்தாள். கடைசியில், 'நின்று சமைத்தது: விலை இல்லை, இனிக் கிடைக்காது' என்று எழுதியிருந்தாள். அடுப்பில் உலர்த்திப் பிரிவுக்கு அனுப்பினேன். மிகச் சிறந்த ஆவணம் என்று பதில் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை க்ளெனிஸ் தன் பெட்டிகளை எடுத்துக்கொண்டு, கடைத்தெருவில் ஒரு ரொட்டிக்கடைக்கு மேலே இருந்த சின்ன வீட்டுக்குப் போய்விட்டாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. சாவியை மேசையில் வைத்து, "நான் போறேன், க்ளிஃப்" என்றாள். இவ்வளவு தூரம் யோசித்துச் செய்கிறாளே என்று அசந்துபோனேன். "நீ கெட்டிக்காரி" என்றேன். கடைசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். காலி அலமாரியை நாலு கோணத்தில் படம் எடுத்து அன்றைக்கே அனுப்பிவைத்தேன்.

மார்ச்சில் நிர்ணயம் வந்தது. திருமதி டன்ஸ்டபிள் எழுந்து நின்று கொடுத்தார். நாங்கள் வலைக்கு வெளியே. ஒப்பந்தம் தப்பித்தது.

"பிரிவோட வரலாற்றுலயே இவ்வளவு சுத்தமான கோப்பு கிடையாது. பயிற்சிக்கு வர்ற புது ஆளுங்களுக்கு இதைத்தான் காட்டப் போறோம்" என்றார். கதவு வரை கூடவே வந்து, பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். "ஆனா ஒண்ணு. கூட்டு வியாபாரத்தைக் கலைச்சுட்டு, ஆளுக்கு ஒரு ஒப்பந்தமா அவங்கவங்க பேர்லயே போட்டிருந்தா, நடுவுல கம்பெனியும் இல்ல, கூட்டும் இல்ல. இந்தச் சட்டம் உங்க பக்கமே வந்திருக்காது. தாராளமா கல்யாணம் பண்ணிக்கிட்டிருக்கலாம்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். "இதை ஏங்க முன்னாடியே சொல்லல?"

"தனி ஆளுங்க விஷயம் கீழ்மாடியில, மிஸ்டர் இபட்சன். இங்க கூட்டு வியாபாரம் மட்டும்தான். நீங்க அதைப் பத்திக் கேட்கவே இல்லையே" என்றார், உண்மையிலேயே ஆச்சரியப்பட்டு.

படியிறங்கும்போது பெரிய கோபம் வந்தது. தெருவுக்கு வந்ததும் அதைவிடப் பெரிய சந்தோஷம் வந்தது. ஒப்பந்தம் இருக்கிறது. கூட்டைக் கலைத்தால் கல்யாணமும் இருக்கிறது. அன்றைக்கு எங்களுக்கு மலையடிவாரத்துத் திடலில் வேலை. நான் போய்ச் சேரும்போது க்ளெனிஸ் கயிற்று வலையைச் சோதித்து முடித்திருந்தாள். பாக்கி இருந்தது சீசா பலகை, இரண்டு முனைக்கு அடியிலும் இடி தாங்கப் பாதி டயர் புதைத்தது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து மேலும் கீழும் ஆட்டி, நடு அச்சு சத்தம் போடுகிறதா என்று கேட்க வேண்டும். அவள் கீழே இருந்தாள், நான் மேலே. கால் தரையில் எட்டவில்லை. அந்த உயரத்திலேயே கடிதத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தேன்.

"மேற்படி இருவரும் கணவன் மனைவியாகவோ, அதையொத்த எந்த முறையிலுமோ வாழவில்லை என்பதில் இப்பிரிவு முழுத் திருப்தி அடைகிறது."

"இன்னொரு தடவ படி" என்றாள்.

படித்தேன்.

"சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க" என்றாள்.

"ஜெயிச்சுட்டோம், க்ளெனிஸ்!"

"மாசா மாசம் வந்து பார்த்தாங்க இல்ல. மேல என்ன இருக்கு, அடியில என்ன இருக்குன்னு எல்லாம் பார்த்துதான எழுதியிருக்காங்க. இதுல ஒரு தப்பும் இல்ல, க்ளிஃப்."

காற்று கொஞ்சம் பலமாக அடித்தது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். "அதெல்லாம் அவங்களுக்காகப் போட்ட வேஷம்தானே?"

"நீ வேஷம் போட்ட. நான் வீடு மாறினேன்."

கீழ்மாடிக் கதையை அவசர அவசரமாகச் சொன்னேன். கூட்டைக் கலைத்துவிடலாம், தனித்தனிப் பேரில் ஒப்பந்தம், அடுத்த மாதமே கல்யாணம், இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டேன் என்றேன். அவள் கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள்.

"கூட்டக் கலைக்க வேண்டாம்" என்றாள். "வேலையில உன்கிட்ட ஒரு குறையும் இல்ல. பாதி உனக்கு, பாதி எனக்கு. அது அப்படியே இருக்கட்டும்."

சொல்லிவிட்டுத் தன் முனையிலிருந்து எழுந்தாள். நான் கடிதத்தோடு தரைக்கு வந்தேன். முதுகெலும்பு உச்சந்தலை வரை அதிர்ந்தது. க்ளெனிஸ் ஓடி வந்து பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"டயர் தேஞ்சு போச்சு. நேரா தரையில இடிக்குது" என்று சொல்லி, பையிலிருந்து பேனாவை எடுத்தாள். "மாத்தணும்."